ஒரு உலை, இரண்டு தட்டு

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் மதினியின் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சோறு பாதி வேகும்போது அடுப்பு இரண்டு தடவை சிணுங்கிவிட்டு அணைந்தது. நான் என் அடுப்பில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மதினி சுவரைப் பார்த்து, “அரவேக்காடா நிக்கிதே சோறு” என்றாள்.

ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் சுவருக்குத்தான் மரியாதை. அவள் பேசுவதையும் அது கேட்கிறது, நான் பேசுவதையும் அதுவே கேட்கிறது. நானும் சுவரிடமே, “இந்த அடுப்பு காலியாகப்போகுது, வேணும்கிறவங்க வச்சுக்கிடலாம்” என்றேன். உப்புமாச் சட்டியை இறக்கினேன். அவள் பானையைத் தூக்கி என் அடுப்பில் வைத்தாள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடக்குறிப்பு எழுதிய கை, விவரம் இல்லாமல் எழுத வராது. இது கோவில்பட்டியில் எங்கள் அப்பா கட்டிய வீடு. அண்ணன் சங்கரலிங்கமும் மதினி செண்பகவல்லியும் இங்கே இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. நான் பரமக்குடியில் தையல் டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். லீவுக்கு மட்டும் வருவேன். போன மே மாதம் ஓய்வு பெற்று இங்கே வந்து சேர்ந்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் அண்ணன் தூங்கியபடியே போய்விட்டான். பதினாறாம் நாள், சொந்தக்காரர்கள் முன்னால், நான் மதினியை ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுதவேண்டியதில்லை.

மறுநாள் மதினி வீட்டிலிருந்த இரண்டு சிலிண்டரில் ஒன்றை என் பக்கம் உருட்டிவிட்டாள். அன்றிலிருந்து ஒரே சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு அடுப்பு.

பிப்ரவரி ஒன்றாம் தேதி நான் திருநெல்வேலி போகிறேன். வயதான பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றில் அறை பேசியாகிவிட்டது. இன்னும் நாலு வாரம்தான்.

ஜனவரி 5, திங்கள்

புது சிலிண்டர் லேசில் வராது போலிருக்கிறது. இணைப்பு அண்ணன் பெயரில் இருக்கிறது. பதிவு செய்யப்போனால் அண்ணனே நேரில் வந்து ரேகை வைக்கவேண்டும் என்கிறார்கள். அவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பெயர் மாற்றி எழுதி, அதற்குப் பிறகுதான் சிலிண்டர்.

மதினி காலி சிலிண்டரைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டுபோய், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கோணிப்பையைப் போட்டு மூடினாள். ஒன்றுமே இல்லாத சிலிண்டருக்கும் துரு ஏறக்கூடாது அவளுக்கு.

என் சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். கேஸ் இருக்கும் உயரம்வரை ஈரம் சீக்கிரம் காயாமல் நிற்கும். பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இதில் இரண்டு சமையல் நடக்காது. சுவரிடம் சொன்னேன்: “ஒரு உலைதான் கட்டுப்படியாகும். ஒருத்தி சோறு, ஒருத்தி குழம்பு.”

“தட்டு தனித்தனிதான்” என்றாள் மதினி சுவரிடம்.

“பின்ன, ஒரே தட்டுலயா திங்கப்போறோம்” என்றேன்.

ஜனவரி 7, புதன்

முதல் கூட்டுச் சமையல். நான் சோறு, அவள் குழம்பு. சிக்கனத்தில் நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒற்றை அறையில் ஒற்றை அடுப்பில் முப்பது வருஷம் ஓட்டியவள். ஆனால் மதினியின் சிக்கனம் வேறு ரகம். இருமல் மருந்துப் பாட்டிலின் மூடி ஒன்று வைத்திருக்கிறாள். உப்பை அதில்தான் அளப்பாள். எண்ணெய்ப் பாட்டிலில் ஒரு நூல் கட்டியிருக்கும். இந்த வாரம் அதற்குக் கீழே போகக்கூடாது. லீவுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இன்று ஒன்றைப் புதிதாகக் கவனித்தேன். வாழைக்காயைப் பொடிசாக நறுக்கி, முற்றத்து வெயிலில் வைத்திருந்த சுடுதண்ணீரில் ஊறப்போட்டாள். வெயிலில் தண்ணீரைச் சூடாக்குவது நல்ல யோசனைதான், கேஸ் மிச்சம். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரை அப்படியே வடித்துக் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றினாள். காயின் சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது! கீரைத் தண்டைக்கூட வீசாதவள், அரிசி கழுவிய தண்ணீரைப் புளி கரைக்க எடுத்துவைப்பவள், இதை ஏன் கொட்டுகிறாள்? அந்த மரம் கொழுகொழுவென்று நிற்பதற்குக் காரணம் இப்போது தெரிகிறது.

ஜனவரி 8, வியாழன்

ரசம். உப்பு இல்லை. சுவரிடம் முறையிட்டேன். உப்புக் கிண்ணம் மட்டும் என் பக்கம் நகர்ந்து வந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று என் வித்தையைக் காட்டினேன். காலையில் பாசிப்பருப்பைக் கழுவி பிளாஸ்கில் போட்டு, காப்பிக்கு வைத்த வெந்நீரிலேயே கொஞ்சம் ஊற்றி மூடிவைத்தேன். பதினோரு மணிக்குத் திறந்து கவிழ்த்தால் பருப்பு மலர்ந்து விழுந்தது. கேஸ் துளிச் செலவில்லை.

மதினி ஒன்றை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தாள். “அடேயப்பா, வெந்திருக்கே ஆவுடை!” என்றாள்.

சொன்ன பிறகுதான் சுவரை மறந்துபோனது அவளுக்கு உறைத்தது. சட்டென்று திரும்பித் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதத்தில் என் பெயர் இப்போதுதான் அவள் வாயில் வந்திருக்கிறது. எனக்கு அதனால் ஒன்றுமில்லை. ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

ஜனவரி 15, வியாழன்

தெரு முழுக்கப் பொங்கல். எங்களுக்கு இந்த வருஷம் கிடையாது. யாரும் பொங்கலோ பொங்கல் சொல்லாத வீட்டில் பீர்க்கங்காய்க் கூட்டு, அதன் தோலில் துவையல். இரண்டுக்கும் ஒரே தாளிதம்: கடுகு வெடித்ததும் பாதி கூட்டுக்கு, பாதி துவையலுக்கு.

சோறு அடிப்பிடித்துவிட்டது. காந்தல் என்றால் எனக்கும் அண்ணனுக்கும் உயிர். சின்ன வயதில் கரண்டியைப் பிடுங்கிச் சண்டை போட்டிருக்கிறோம். மதினி பானையைச் சுரண்டி எல்லாவற்றையும் என் தட்டில் வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு யோசனை. கேஸை மிச்சப்படுத்தக் கூட்டாஞ்சோறு மாதிரி வேறில்லை. அரிசி, பருப்பு, காய், கீரை எல்லாம் ஒரே பானையில் வெந்து முடிந்துவிடும். இத்தனை நாளாக இரண்டு பேருமே அதன் பெயரை எடுக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

கேஸ் ஆபீசுக்கு நானே போனேன். மதினிக்குப் படிவம் என்றாலே பயம். கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, கைபேசி எண் போடும் இடத்தில் அவள் எண்ணைப் போட்டேன். நான்தான் இருக்கப்போவதில்லையே. நாலைந்து நாளில் சிலிண்டர் வீட்டுக்கே வரும் என்றார்கள்.

பெஞ்சில் பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. உட்காருகிறாள், எழுந்திருக்கிறாள், மணி கேட்கிறாள்.

“இன்னும் எத்தன பேருக்கா இருக்காக? நான் போயிக் காய ஊறப்போடணும்.”

“காய எதுக்கும்மா ஊறப்போடணும், பயறா அது?”

“எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி சரியில்லக்கா. காயப் பொடிசா நறுக்கி, வெதுவெதுன்னு தண்ணியில போட்டு வச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டுத்தான் ஆக்கணும். உப்பும் அளந்துதான். பருப்பு, கீர, வாழக்கா எல்லாத்துக்கும் கணக்கு உண்டு.”

நான் சிரித்துவிட்டேன். “எங்க மதினியும் இதே கதைதான். தண்ணியக் கொட்டுவாங்க. உப்ப மருந்து மூடியிலதான் போடுவாங்க. நீங்களாவது நோய்க்குச் செய்யுதீங்க.”

அவள் சிரிக்கவில்லை. “உங்க வீட்லயும் உண்டா? யாருக்கு, உங்க அண்ணனுக்கா? எத்தன வருசமாக்கா?”

அதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜனவரி 21, புதன்

புடலங்காய்க் கூட்டு. உப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

பதினாறாம் நாள் சொன்னதை எழுதிவிடுகிறேன்.

அண்ணன் சாவதற்கு நாலு நாள் முன்னால் கூட்டாஞ்சோறு கேட்டான். வாய்விட்டுக் கேட்டான், நான் பக்கத்தில் இருந்தேன். “காய் விக்கிற வெலையில கூட்டாஞ்சோறா?” என்று சொல்லிவிட்டு மதினி ரசத்தை ஊற்றினாள். அவன் அதையே பிசைந்து தின்றான். அது என் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பதினாறாம் நாள் இலை போட்டு வடை பாயசத்தோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. “உசுரோட இருந்தப்ப வாய்க்கு ருசியா ஒரு வாய் போடல. மிச்சம் புடிச்சு மிச்சம் புடிச்சே எங்க அண்ணனக் கொன்னுட்டீங்க” என்றேன். மதினி பாயச வாளியோடு நின்றிருந்தாள். பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்து ஊற்றிக்கொண்டே போனாள்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. மாதம் ஒரு தடவை இருவரும் மதுரைக்குப் போய்வருவார்கள், ஒரு கல்யாணப் பத்திரிகையும் இல்லாமல். அண்ணனின் கணுக்கால் வீங்கியிருந்தது, செருப்பு கடித்தது என்றான். மதினி பருப்பு வாங்கவே மாட்டாள், விலை விலை என்பாள். எனக்குக் கண் இருந்தது. தையலில் அரை நூல் கோணினாலும் கண்டுபிடிக்கிற கண்.

ஜனவரி 24, சனி

காலையில் வங்கிக்குப் போய்விட்டு மதியம்தான் வந்தேன். மதினி மூச்சு வாங்கிக்கொண்டு திண்டில் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்க நினைத்தேன். எந்தச் சுவரிடம் கேட்பது?

ஜனவரி 25, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

அவள் கத்தரிக்காயை வடித்து, தண்ணீர்ச் சட்டியோடு பின்பக்கம் போகப் புறப்பட்டாள். நான் சட்டியின் இன்னொரு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சுவரைப் பார்க்கவில்லை.

“மதினி, அண்ணனுக்கு எத்தன வருசமா?”

அவள் என்னைப் பார்த்தாள். சட்டியை விடவில்லை. “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. இந்தத் தண்ணிதான் சொல்லிச்சு.”

“நாலு வருசம்” என்றாள். “சனியன், கை பழகிப்போச்சு. அவுக போயும் கொட்டிக்கிட்டு இருக்கேன் பாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவுகதான் சத்தியம் வாங்கிட்டாக. ‘ஆவுடைக்குத் தெரிஞ்சா மறுநாளே பஸ் ஏறி வந்து, என் கிட்னிய எடுத்துக்கோன்னு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பா. ஒத்தையில கெடக்கிறவ. அவ ஒடம்புல கத்தி படவிடமாட்டேன்’னுட்டாக. நீ லீவுக்கு வாரப்ப என்ன சொல்லிச் சமாளிக்க? வெல கூடிப்போச்சு, வெல கூடிப்போச்சுன்னு சொன்னேன். நீயும் நம்புன.”

“சரி மதினி. பதினாறு அன்னிக்கு, நான் அப்படிச் சொன்னப்பவாவது ஒடச்சிருக்கலாம்ல? அவன்தான் போயிட்டானே.”

மதினி சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? ‘நான் குடுத்திருந்தா பொழச்சிருப்பானே’ன்னு ஒன்னயே திட்டிக்கிட்டுக் கெடந்திருப்ப. என்னயத் திட்டுனா என்னைக்காவது ஆறிப்போகும். ஒன்னய நீயே திட்டுனா ஆறுமா ஆவுடை?”

அண்ணன் சொன்னது சரி. நான் அப்படித்தான் நின்றிருப்பேன். அழுதேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை. மதினியும் அழுதாள். கத்தரிக்காய்த் தண்ணீர் வழக்கம்போல மரத்துக்குப் போனது.

ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இலை போட்டு நாற்பது பேர் முன்னால் சொன்ன வார்த்தையை, சமையலறையில் ரெண்டு பேருக்கு நடுவில் மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டால் அது நியாயமா?

ஜனவரி 27, செவ்வாய்

அன்று வந்திருந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதினேன். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டேன். முதலில் அத்தை மகள் பேச்சியம்மைக்கு. அவளிடம் சொன்னால் பாதி ஊருக்குச் சொன்ன மாதிரி.

“பதினாறு அன்னிக்கு நான் மதினியச் சொன்னது தப்பு. சுத்தத் தப்பு. எங்க அண்ணன் அத்தன நாள் இருந்ததே அவங்க சமையலாலதான்.”

“என்னடி திடீர்னு? என்ன நடந்துச்சு?”

“காரணமெல்லாம் கேக்காத. தப்புன்னு மட்டும் கேட்டுக்கோ. யாராவது அதப் பேசினா நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லு.”

பதினேழு வீடு. சிலர் என்னைத் திட்டினார்கள். சிலர், “அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சே” என்றார்கள், மறக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. பதினோராவது போனில் சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தாளிப்புக் கரண்டியில் கடுகெல்லாம் கரியாகியிருந்தது. மதினி கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் தாளிதத்தைத் தீயவிட்டு நான் பார்த்ததில்லை.

“ஒரு கரண்டி எண்ணெய் வீணாப்போச்சு ஒன்னால” என்று மூக்கை உறிஞ்சினாள்.

ஜனவரி 28, புதன்

கூட்டாஞ்சோறு. முருங்கைக்காய், வாழைக்காய், கத்தரிக்காய், ஒரு பிடி முருங்கைக்கீரை. அண்ணனுக்கு ஆகாதது என்று விலக்கிவைத்ததெல்லாம் ஒரே பானையில். காயை ஊறப்போடவில்லை. நறுக்கி நேரே போட்டோம். மதினி தேங்காயும் சீரகமும் அரைத்தாள். நான் அரிசியும் பருப்பும் அளந்தேன். கொதி வந்து கொஞ்ச நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, கனத்த மூடியால் மூடி, பழைய போர்வையைச் சுற்றிவைத்தேன். மிச்சம் தன் சூட்டிலேயே வெந்துகொள்ளும்.

“உப்பு நீங்க போடுங்க மதினி” என்று முன்னமே சொல்லியிருந்தேன்.

அவள் கை தானாக மருந்து மூடிக்குப் போனது. அதை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்தாள். கையாலேயே கல்லுப்பை அள்ளிப் போட்டாள். இரண்டாவது தடவையும் அள்ளினாள்.

உண்மையைச் சொன்னால் கரித்தது. இரண்டு பேருமாகப் பானையைக் காலி செய்தோம்.

ஜனவரி 30, வெள்ளி

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒரு நாள்தான் நடுவில். அறை பேசியது பேசியதுதான். இரு என்று மதினி சொல்லவில்லை. அவள் எப்படிச் சொல்வாள், போகிறேன் என்று கிளம்பியவளே நான்தானே. இருக்கட்டுமா என்று நானாக எப்படிக் கேட்பது? அவ்வளவு சொன்ன பிறகு ஒரு முகம் வேண்டாமா?

என் பாத்திரங்களைக் கட்ட ஒரு கோணிப்பை தேவைப்பட்டது. மதினி கோவிலுக்குப் போயிருந்தாள். பின்பக்கம் காலி சிலிண்டர்மேல் போட்ட கோணி ஞாபகம் வந்து போனேன். கோணியின் ஒரு ஓரம் சிலிண்டருக்கு அடியில் மாட்டியிருந்தது. சிலிண்டரைச் சாய்த்து உருவலாம் என்று ஒரு கையால் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன்.

காலி சிலிண்டர் இப்படிக் கனக்காது. கோணியை விலக்கிப் பார்த்தேன். வாயில் சீல் உடையாமல் இருந்தது. வளையத்தில் கேஸ்காரர் செருகிவிட்டுப் போன ரசீது. அதில் தேதி, ஜனவரி 24.

துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்துநாலு என்றால், நான் வங்கிக்குப் போன சனிக்கிழமை. மதினி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதனால் என்று இப்போது தெரிகிறது. நான் அந்தத் தண்ணீர்ச் சட்டியைப் பிடித்துக் கேட்டது மறுநாள். போன் போட்டதெல்லாம் அதற்கும் பிறகு. இது வந்தது எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே மறுபடியும் இரண்டு உலை. இந்த நிறைந்த சிலிண்டரை அவள் இங்கே உருட்டிக்கொண்டுவந்து ஒளித்தபோது, நான் இன்னும் அவளைக் கொலைகாரி என்று சொன்னவளாகத்தான் இருந்தேன்.

கோணியை எடுக்கவில்லை. ஒரு பக்கம் சரிந்திருந்தது. சிலிண்டரின் சிவப்பு வெளியே தெரியாமல் இழுத்து மூடிவிட்டு உள்ளே வந்தேன்.

ஜனவரி 31, சனி

திருநெல்வேலிக்குப் போன் செய்து, அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். சுரைக்காய்க் கூட்டு, அதன் தோலில் துவையல்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் மதினி எனக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டுவிட்டாள். என் பெட்டி இருக்கும் பக்கம் பார்க்கவே இல்லை. டம்ளரை வைத்தவள், “எத்தன மணிக்கு பஸ்?” என்று கேட்டாள். சுவரிடம் கேட்டாள்.

“போகல மதினி” என்றேன். “பாத்திரத்தக் கட்ட ஒரு கோணிப்பை தேடுனேன். வீட்ல ஒண்ணும் கெடைக்கல.”

அவள் கை அப்படியே நின்றது. பின்கதவு பக்கம் ஒரு பார்வை போய்வந்தது. “நம்ம வீட்ல ஏது கோணி?” என்றாள் அவசரமாக.

“அதான் நானும் பாத்தேன். சிலிண்டரு இன்னும் வரலையாக்கும்?”

“வரல.”

“வந்தா சொல்லுங்க.”

“சொல்லாம எங்க போறேன்?” என்றவள், திரும்பிக்கொண்டு பானையை எடுத்தாள். கொஞ்ச நேரம் எனக்கு முதுகுதான் தெரிந்தது. “ஆவுடை, அரிசி நீ அளக்கியா, நான் அளக்கட்டா?”

ஈரத்துணியால் என் சிலிண்டரைத் துடைத்துப் பார்த்தேன். இன்னும் நாலு விரல்கடை நிற்கிறது. மிச்சம் பிடித்து ஆக்கினால் பத்து நாள் ஓடும். இரண்டு பேருக்கு அரிசி அளந்து களைந்து வைத்தேன்.